பத்தொன்பது நாள் இளையவர்

பக்கத்து அறையில் யாரோ காலடியால் அளந்துகொண்டிருந்தார்கள்.

நடப்பவரின் காலடி எங்காவது தயங்கும், எங்காவது விரையும். இது ஒரே சீராக வந்தது. டக், டக், டக் என்று சுவர் வரைக்கும் போய் நின்றது, திரும்பியது, மறுபடி டக், டக், டக். நீளத்துக்குப் பன்னிரண்டு எட்டு, அகலத்துக்கு ஒன்பது. கட்டிலில் கிடந்த என் தங்கை லவீனியாவின் உதடுகள் அந்த எண்ணிக்கையோடு சேர்ந்து அசைந்துகொண்டிருந்தன.

"அக்கா, யாரோ வீடு பார்க்க வந்திருக்காங்க."

"பேசாம படு. கீகன் விறகு கொண்டாந்திருப்பான்."

"கீகனுக்கு ஒரு கால் இழுக்கும். இது ஆபீசர் பூட்ஸ்." அவள் சிரிக்கப் பார்த்தாள். "பதிமூணு வருஷமா இந்தச் சத்தம் கேக்கறேன். எனக்குத் தெரியாதா?"

அவளுக்கு எட்டு மாதம். அதற்கு முன் பெற்ற இரண்டையும் இரண்டு வெவ்வேறு கோட்டைகளின் மண்ணில் விட்டுவிட்டு வந்தவள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் உதிரம் கண்டது. கோட்டை டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: "கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. இந்தக் குளிர்லே வாசல் தாண்டித் தூக்கிட்டுப் போனா, ரெண்டு உயிரும் என் பொறுப்பில்லே." வெளியே ஹாலம் கோட்டையின் அணிவகுப்பு மைதானம் வெள்ளைப் போர்வை போர்த்த பிணம் போலக் கிடந்தது. மிசௌரி ஆறு உறைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. தாழ்வாரத்தில் தொங்கிய கண்ணாடிக் குழாயில் பாதரசம் கட்டிப்போய் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை.

நான் கதவைத் திறந்து வரவேற்பறைக்குப் போனேன்.

என் தங்கையின் கணவர் கேப்டன் எலைஹு டார்பெல் அடுப்போரம் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தொரு வயதில் தலை முழுக்க வெளுத்திருந்தது. இடது கையில் இரண்டு விரல் கிடையாது. ஜன்னல் திரையைத் தூக்கி வெளிச்சம் எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவர் புது ஆள். கேப்டன் விக்லிஃப். சனிக்கிழமைதான் தன் கம்பெனியோடு உறைந்த ஆற்றின் மேல் வண்டியோட்டி வந்து சேர்ந்தவர்.

"நல்ல வீடு, டார்பெல். ரெட்டைச் சுவரா?"

"ரெட்டைச் சுவர்தான். நடுவிலே மரத்தூள் அடைச்சிருக்கு."

"அடுப்பு எத்தனை?"

"மூணு. சமையலறையைச் சேர்த்தா நாலு. வடக்குப் பக்க அடுப்பு கொஞ்சம் புகையும்."

ஒளித்துச் சொல்லவே இந்த மனிதருக்குத் தெரியாதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூரை ஒழுகுகிறது, எலி ஓடுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

"உங்களுக்கு கேப்டன் பட்டம் எப்போ கிடைச்சுது?" என்று கேட்டார் விக்லிஃப், ஏதோ பருவநிலையை விசாரிப்பவர் போல.

"எழுபத்திநாலு, மார்ச் இருபத்தொண்ணு."

"எனக்கு மார்ச் ரெண்டு."

"தெரியும். பத்தொன்பது நாள். சனிக்கிழமையே பார்த்து வெச்சிட்டேன்."

படையில் இருக்கிறவர்களுக்கு இதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. மூத்த அதிகாரி ஒரு கோட்டைக்கு வந்து சேர்ந்தால் தனக்குக் கீழே உள்ள எவருடைய வீட்டையும் கேட்கலாம். கேட்ட வீடு அவருடையது; படை விதி அது. வீடிழந்தவர் தனக்குக் கீழே உள்ளவரின் வீட்டைக் கேட்பார். அவர் அடுத்தவருடையதை. இப்படியே போய்க் கடைசியில் ஒரு சின்ன லெப்டினன்ட் மனைவி மக்களோடு கூடாரத்தில் போய் நிற்பான். சிப்பாய்கள் இதற்கு வைத்த பேர் 'செங்கல் விழுது'. வரிசையாக நிறுத்தின செங்கல்லில் முதல் செங்கல்லைத் தட்டினால் போதும்.

கேப்டன் டார்பெல் அப்போது ஒரு காரியம் செய்தார். எட்டு வருஷமாக அவர்களோடு கோட்டை கோட்டையாக அலைந்த நான் அவரிடம் ஒருநாளும் பார்க்காத காரியம். கேட்டார்.

"விக்லிஃப், மூணு வாரம் குடுங்க. என் மனைவி அந்த அறையிலே படுத்திருக்கா. பிரசவம் ஆனதும் நானே சாவியைக் கொண்டாந்து குடுக்கறேன்."

விக்லிஃப் கெட்டவர் இல்லை. அதுதான் கொடுமை. அவர் முகம் நிஜமாகவே வாடியது. தொப்பியைக் கையில் எடுத்துச் சுழற்றினார்.

"என் மனைவி வண்டியிலேயே உக்காந்து உங்க ஜன்னலைப் பார்த்து இதுதான் வேணும்னுட்டா. ஏழு கோட்டையிலே எங்களை வெளியே தள்ளியிருக்காங்க டார்பெல். ஒரு நாள் அவகாசம் எவனும் குடுத்ததில்லே. தவிர..." தயங்கினார். "நீங்க கேக்கறது எனக்கு ஆச்சரியமா இருக்கு. கான்சாஸ்லே லெப்டினன்ட் டேசிகிட்டே நீங்க சொன்ன பதில் இருக்கே, அது தெற்கே எங்க மெஸ் வரைக்கும் வந்துச்சு. 'விதி என்னுடையதில்லே, மிஸ்டர் டேசி.' எங்க ஆளுங்க அதை ரொம்ப நாள் வேடிக்கையாச் சொல்லிட்டிருந்தாங்க."

விக்லிஃப் தூக்கிய ஜன்னல் திரையைக் கேப்டன் டார்பெல் இறக்கிவிட்டார்.

"நாளைப் பகல் பன்னிரண்டு மணிக்குள்ளே காலி பண்ணிடறோம்," என்றார்.

இந்த மனிதரின் கதையை நான் சொல்லியாக வேண்டும். பல வருஷம் கழித்து அவர் போனபோது வெர்மான்ட் பத்திரிகையில் ஆறு வரி வந்தது. பிறந்த ஊர், இரண்டு போர்கள், கடைசிப் பதவி. நான் சொல்லப் போவது அந்த ஆறு வரியில் இல்லை.

அவருடைய அப்பா கல்லறைக் கற்களில் பேர் வெட்டுகிறவர். பன்னிரண்டு வயதில் எலைஹு உளி பிடித்தார். செத்தவர்களின் பேரைத் தப்பில்லாமல் வெட்டக் கற்றுக்கொண்டதுதான் அவருடைய முதல் பள்ளிக்கூடம். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தொன்றில் உள்நாட்டுப் போர் வந்தது. இருபத்திரண்டு வயதில் வெறும் சிப்பாயாகச் சேர்ந்தார். வர்ஜீனியாவில் ஒரு காட்டோரம் வேலியை விட்டு நகராமல் பகல் முழுக்க நின்றதில் கம்பெனியில் பாதிப் பேர் போனார்கள். இவருக்கு இரண்டு விரல் போனது, கௌரவ மேஜர் என்ற பட்டம் மிச்சம். போர் முடிந்ததும் அரசாங்கம் பட்டத்தை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நிரந்தரப் படையில் கடைசி லெப்டினன்டாக இறக்கிவிட்டது. நூறு பேரைப் போருக்கு நடத்திப் போனவர், மறுபடி அடிப்படியிலிருந்து ஏறத் தொடங்கினார்.

அந்த ஏணி எப்படிப்பட்டது தெரியுமா? மேலே ஒருவர் செத்தாலோ விலகினாலோதான் கீழே இருப்பவர் ஒரு படி ஏறலாம். வருஷா வருஷம் ஜனவரியில் வாஷிங்டனிலிருந்து அதிகாரிகளின் பட்டியல் அச்சாகி வரும். அன்று சாப்பாட்டு மேஜையில் அதைப் பிரித்து, அளவுகோல் வைத்து, போனவர்களின் பேரைச் சிவப்புக் கோட்டால் அடிப்பார். அடித்து முடித்துவிட்டுத் தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணுவார். கூடச் சாப்பிட்டவர்கள், தோளோடு தோள் நின்றவர்கள் பேரெல்லாம் அதில் இருக்கும். லவீனியா அந்த நாளில் மேஜைக்கு வரமாட்டாள்.

லெப்டினன்டாக இருந்த ஒன்பது வருஷத்தில் ஐந்து முறை அவரை வீட்டை விட்டுத் தள்ளினார்கள். ஐந்தாவது முறை மண்கூரைக் குடிசை. மழையில் கூரை கரைந்து தொட்டிலில் விழுந்தது. இரண்டாவது குழந்தை அங்கேதான் போயிற்று. பலகையில் பேரை அவரே செதுக்கினார். முதல் குழந்தைக்கும் அவர்தான் செதுக்கியிருந்தார். எழுத்து எவ்வளவு அழகாக இருந்தது என்று நான் சொன்னால் கல்நெஞ்சக்காரி என்பீர்கள். அழகாகத்தான் இருந்தது.

எழுபத்திநாலு மார்ச்சில் கேப்டன் பட்டம் வந்தது. ஏப்ரலில், பிள்ளையைப் பறிகொடுத்து வாய் பேசாமல் கிடந்த மனைவியைக் கூட்டிக்கொண்டு கான்சாஸில் ஒரு கோட்டைக்குப் போனார். வாழ்க்கையில் முதல்முறையாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர் கையில். மரத்தளம் போட்ட வீடு ஒன்றே ஒன்று. அதில் லெப்டினன்ட் டேசி இருந்தார். இருபத்தாறு வயது, சுருட்டை முடி, பாடத் தெரிந்தவர். அவர் மனைவி ஆல்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாதம். காய்ச்சலில் படுத்திருந்தாள்.

டேசி வாசலில் வந்து நின்று கேட்டதை நான் என் காதால் கேட்டேன். "நாலு நாள் சார். நாலே நாள். காய்ச்சல் விட்டதும் நானே தூக்கிட்டுப் போயிடறேன்."

"விதி என்னுடையதில்லே, மிஸ்டர் டேசி," என்றார் கேப்டன்.

அன்று சாயங்காலம் ஆலங்கட்டி கலந்து மழை அடித்தது. கூடாரத்தில் பலகை பரப்பி ஆல்மாவைக் கிடத்தினார்கள். விஷயம் லவீனியாவுக்குத் தெரிந்தது மறுநாள்தான். தெரிந்ததும் ஓடினாள். ஒன்பது நாள் அவள் பக்கத்திலேயே இருந்தாள். ஒன்பதாம் நாள் விடியும்போது ஆல்மா போய்விட்டாள். கேப்டன் யாரிடமும் கேட்காமல் ஒரு பலகை எடுத்து அவள் பேரைச் செதுக்கிக் கல்லறையில் நட்டார். டேசி அதைப் பிடுங்கி, மைதானத்தின் நடுவில், எல்லோரும் பார்க்க எரித்தார். அதற்குப் பிறகு இந்த ஆறு வருஷத்தில் கடமை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அதே ரெஜிமென்ட், அதே கோட்டைகள். எங்கே போனாலும் ஒரே வரிசையில், மூன்று வீடு தள்ளி.

இங்கே ஹாலம் கோட்டையில் நாங்கள் நாலாம் எண் வீடு. டேசி ஏழாம் எண். நாலுக்கு அடுத்தபடி குளிர் தாங்குகிற வீடு அது ஒன்றுதான். கேப்டன் டார்பெல் இப்போது கேட்க வேண்டிய வீடும் அதுதான்.

விக்லிஃப் போனதும் கீகன் கோணிப்பைகளை இழுத்துக்கொண்டு வந்தான். எங்கள் வீட்டு வேலைக்கு ஒதுக்கப்பட்ட சிப்பாய். ஐரிஷ்காரன், வாய் சும்மா இருக்காது.

"செங்கல் விழுது அம்மா. மேலே ஒண்ணு சாஞ்சா கடைசியிலே நசுங்கறது நான்தான். போன கோட்டையிலே கோழிக்கூண்டுலே படுத்தேன்."

"கோழிங்க சும்மா விட்டுச்சா?"

"அதுங்களுக்குப் பட்டம் இல்லையே அம்மா. நான் பதினாறு வருஷ சர்வீஸ். காலி பண்ணுங்கடின்னேன், பண்ணிடுச்சுங்க." பிறகு குரலை இறக்கினான். "எங்கே போறோம்? ஏழா?"

"கேப்டன் சொல்லலே."

"ஏழுதான் அம்மா. வேற என்ன இருக்கு? மிச்சமிருக்கறது துணி துவைக்கறவங்க வரிசைக் கடைசியிலே அந்த மரக்குடில். சுவர்லே என் கை நுழையுது. கேப்டன் ஏழாம் எண்ணை எடுக்கலேன்னா வீட்டுக் கணக்கு பார்க்கற குவார்ட்டர் மாஸ்டர் அதைத்தான் தலையிலே கட்டுவான்."

உள்ளே போனேன். லவீனியா படுக்கையில் கிடந்த ஒரு கந்தல் பொம்மையைப் போர்வைக்குள் தள்ளினாள். அது டேசியின் மகள் ஹெட்டியுடையது. ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பரிசோதனை அணிவகுப்புக்கு டேசி போனதும், அவர் வீட்டு வேலைக்காரி கண்டும் காணாமல் இருப்பாள், நான் எங்கள் சமையலறைக் கதவைத் திறந்து வைப்பேன். ஆறு வயதை எட்டப்போகிற அந்தக் குட்டி ஓடி வந்து கட்டிலில் ஏறிக்கொள்ளும். எங்கள் வீட்டுப் பக்கமே போகக் கூடாது என்பது அவள் அப்பாவின் கட்டளை. அதனாலேயே அது எங்கள் மூன்று பேருக்கும் ஒரு சின்னத் திருட்டுச் சந்தோஷம். முந்தின நாள்கூட வந்திருந்தாள். லவீனியா தலை வாரிவிட்டாள். "அத்தை, தொண்டை கரகரங்குது," என்றாள் குட்டி. லவீனியா தன் கிண்ணத்திலிருந்த ப்ளாக்பெர்ரி பாகைத் தன் கரண்டியாலேயே ஊட்டிவிட்டு, மிச்சத்தை அதே கரண்டியால் வழித்துத் தானும் சாப்பிட்டாள். அத்தையும் மருமகளும் ஒரே கரண்டி என்று இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"அக்கா," என்றாள் லவீனியா இப்போது. "அவர் ஏழாம் எண்ணைக் கேக்கப் போறாரா?"

"எனக்குத் தெரியாது."

"கேக்கக் கூடாது. ஹெட்டியைப் பனியிலே தூக்கிட்டுப் போவாங்களா? அவ அம்மாவைத் தூக்கிட்டுப் போன மாதிரி? வேண்டாம். என்னை அந்தக் குடிலுக்குக் கொண்டு போயிடுங்க."

"அங்கே போனா நீ பிழைக்க மாட்டேடி!"

"நம்ம செங்கல் அந்தக் குழந்தை மேலே விழ வேண்டாம்."

கேப்டன் வாசற்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டார். சிறிது நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கீகனும் அவரும் பழைய பத்திரிகைக் கட்டும் பசைவாளியும் தூக்கிக்கொண்டு அந்த மரக்குடிலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவரைப் போர்க்களத்தில் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்த வேலியோரம் அவர் எப்படி நின்றிருப்பார் என்று அன்று எனக்குப் புரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. பதினோரு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம். குடிலின் உள்பக்கம் முழுக்கப் பத்திரிகைத் தாள் ஒட்டி, எருமைத்தோல்களைத் தொங்கவிட்டுவிட்டுக் கேப்டன் திரும்பியிருந்தார். நகக்கண்ணில் பசை காய்ந்திருந்தது. "உள்ளே தண்ணி உறைஞ்சுதா?" என்று கேட்டேன். கைகளை அடுப்புக்கு நேரே நீட்டினார். உறைந்திருந்தது என்று அர்த்தம்.

கதவு தட்டப்பட்டது.

திறந்தேன். லெப்டினன்ட் டேசி. கோட்டை அலுவலகத்தின் பொறுப்பு அப்போது அவருடையது. யார் எந்த வீடு என்று எழுதும் தாள் கையில் இருந்தது. சுருட்டை முடி நெற்றியோரம் விட்டுப்போய், கண் இரண்டும் சிவந்து, தூங்காத முகம். கால்மிதி வரைக்கும் வந்தவர் அதற்கு மேல் ஓர் அடி வைக்கவில்லை. கையுறையைக் கழற்றவில்லை.

"உக்காருங்க," என்றேன்.

"வேண்டாம், மிஸ் தர்ஸா." கேப்டனைப் பார்த்தார். "பன்னிரண்டு மணிக்குள்ளே எழுதணும் சார். உங்க தேர்வு இன்னும் வரலே."

"தெரியும்."

"ஏழாம் எண்லே நாலு அறை. ரெண்டு அடுப்பு. புகை வராது. இன்னும் ஏன் கேக்கலே?"

கேப்டன் நகக்கண்ணில் காய்ந்த பசையைச் சுரண்டினார்.

"ஒரே ஒரு வார்த்தை சார். அன்னிக்குச் சுலபமா வந்துச்சே. இன்னிக்கு மட்டும் தொண்டையிலே சிக்குதா? விதி மாறிடுச்சா? நான் படிச்ச வரைக்கும் மாறலே." டேசியின் குரலில் ஒரு விசித்திரமான அவசரம் இருந்தது. பென்சிலைத் தாளின் மேல் வைத்தார். "சொல்லுங்க. நான் எழுதிக்கறேன்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. லவீனியா புரண்டு படுக்கிறாள்.

நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கடவுள் என்னை மன்னிக்கட்டும். "ஏழுன்னு சொல்லுங்க கேப்டன்! ஒத்தை வார்த்தை. அவ சாகப் போறா!"

கேப்டன் என் பக்கம் திரும்பவே இல்லை. டேசியின் முகத்தையே பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்:

"ஆல்மாவுக்கு நான் செதுக்கின பலகையை நீங்க எரிச்சீங்க. எரிச்சது சரிதான். நாலு நாள் குடுக்காதவன் பலகை குடுத்தா எரிக்கத்தான் செய்யணும். ஆறு வருஷமா இதை உங்ககிட்டே சொல்லணும்னு நினைச்சேன். இன்னொரு பலகை என்னாலே செதுக்க முடியாது, டேசி. உங்க வீட்டுக்கும் முடியாது, என் வீட்டுக்கும் முடியாது. மரக்குடில்னு எழுதிக்குங்க."

முதல்முறையாக 'மிஸ்டர்' போடாமல் கூப்பிட்டார்.

டேசியின் கையில் பென்சில் நின்றது. தாள் அவர் கையிலிருந்து நழுவிக் கால்மிதியில் விழுந்தது. அவர் குனியவில்லை.

"மரக்குடில்," என்றார். "நீங்க ஏழுன்னு சொல்லுவீங்கன்னு வந்தேன். சொல்லணும்னு வேண்டிக்கிட்டு வந்தேன்."

"ஏன்?"

"ஹெட்டிக்கு நேத்து சாயங்காலம் காய்ச்சல். விடிஞ்சதும் விளக்கைப் பிடிச்சு வாயைத் திறந்து பார்த்தேன். தொண்டையிலே வெள்ளையா, தோல் மாதிரி படிஞ்சிருக்கு. டெக்சாஸ்லே ஒரே மாசத்துலே பதினோரு குழந்தைங்களை அது கொண்டுபோச்சு. அப்போ பார்த்திருக்கேன். எனக்குத் தெரியும் அது என்னன்னு."

தொண்டை அடைப்பான், மூச்சாலும் எச்சிலாலும் ஒட்டுகிற டிப்தீரியா. அந்தப் பேரை யாரும் வாயால் சொல்லவில்லை. அறையில் இருந்த எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது.

"டாக்டர் வீட்டுக்குத்தான் கிளம்பினேன். இந்தத் தாள் கையிலே இருந்துச்சு. உங்க கதவைப் பார்த்ததும் கால் திரும்பிடுச்சு." அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம் அவர் தொண்டையிலிருந்து வந்தது. "நீங்க ஏழுன்னு சொல்லுவீங்க. நான் எழுதிக்குவேன். பகல்லே நாங்க வெளியே வருவோம், நீங்க உள்ளே போவீங்க. என் பொண்ணு படுத்த கட்டில்லே உங்க மனைவியைப் படுக்க வைப்பீங்க. நான் சல்யூட் அடிச்சிட்டு நிப்பேன். விதி என்னுடையதில்லேன்னு. அஞ்சு நிமிஷத்துக்கு முன்னாலே வரைக்கும் இதைத்தான் செய்யப் போறேன்னு இருந்தேன்."

கேப்டன் ஓர் அடி முன்னால் வைத்தார். டேசி சட்டென்று பின்வாங்கினார்.

"கிட்டே வராதீங்க! என் சட்டையெல்லாம் அவ மூச்சு."

"டாக்டர்கிட்டே ஓடுங்க," என்றார் கேப்டன். "ஒரு நிமிஷம் நிக்காதீங்க."

"ஓடறேன். ஓடினதும் என்ன ஆகும் தெரியுமா? இந்த வரிசை முழுக்கத் தொத்து நோய்னு மஞ்சள் துணி கட்டிடுவார். மூணு வாரத்துக்கு எந்த வீட்டுலேயிருந்தும் யாரும் எங்கேயும் மாற முடியாது. விக்லிஃப் இருக்கற இடத்துலே இருக்க வேண்டியதுதான். உங்க மனைவி அதே கட்டில்லே, அதே அடுப்போரம் பெத்துக்குவாங்க." கதவுப்பிடியைத் தேடிப் பின்னால் கைநீட்டினார். "நீங்க கேட்ட மூணு வாரத்தை ஹெட்டி குடுத்திருக்கா."

கேப்டன் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். விழுந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு விரல் இல்லாத கையால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. எட்டு வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். லவீனியாவை நகர்த்த வேண்டாம் என்பது அவர் உடம்பில் ஒவ்வோர் எலும்பாக இறங்குவது எனக்குத் தெரிந்தது.

டேசி வாசலில் நின்று திரும்பினார். கேப்டனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"மிஸ் தர்ஸா, ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். டாக்டர் கேப்பார். ஹெட்டி எந்தெந்த வீட்டுக்குள்ளே போனான்னு. அவ வெளியே எங்கேயும் போறதில்லே. இந்த வீட்டுப் பக்கம் அவ வந்ததே இல்லே, இல்லையா?"

எனக்குக் கரண்டி நினைவுக்கு வந்தது. ப்ளாக்பெர்ரி பாகு, கிண்ணத்தின் விளிம்பில் பட்ட அந்தச் சின்ன உதடு, அதே கரண்டியில் லவீனியாவின் உதடு. போர்வைக்குள் கிடக்கும் பொம்மை.

கேப்டன் முகத்திலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்த முகத்தில் எத்தனையோ வருஷமாக இல்லாத ஒன்று இருந்தது. பிழைத்தோம் என்று நம்புகிற ஒரு மனிதனின் முகம் அது.

"இல்லே," என்றேன். "வந்ததே இல்லே."

"நல்லவேளை," என்றார் டேசி. "உங்களுக்காவது."

உள்ளேயிருந்து லவீனியா கூப்பிட்டாள். "அக்கா, யார் அது? குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டாயேன். தொண்டை காயுது."

டேசி படியிறங்கினார். பனியில் அவர் பூட்ஸ் ஓடுகிற சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறையும் வரைக்கும் நின்றுவிட்டு, நான் கதவைச் சாத்தினேன்.